சிமுலேஷன் சொல்வதும் லைனில் நடப்பதும் ஒத்துப்போகவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை தேடும் வழி

ஆலையின் லைனைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன் மாடல் ஒரு ஷிஃப்டுக்கு 240 பம்ப் வரும் என்கிறது. சாயங்காலம் பேக்கிங்கில் போய் எண்ணிப் பார்த்தால் 190 இருக்கிறது. மறுநாள் காலை மேலாளரிடம் காட்டியாக வேண்டும். இந்த ராத்திரியில்தான் பல சிமுலேஷன் மாடல்கள் கெட்டுப்போகின்றன. எங்கோ ஓர் எண்ணைக் கொஞ்சம் திருகினால் 190 வந்துவிடும் என்று தெரியும், திருகிவிடுகிறோம். அதற்குப் பிறகு அந்த மாடலிடம் எதைக் கேட்டாலும் பதிலை நம்ப முடியாது. எண் பொருந்திவிட்டது, காரணம் பொருந்தவில்லை.

அந்த ராத்திரிக்கான குறிப்புதான் இது. உங்களுக்குத் தெரியும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். ஆரீனா, எனிலாஜிக், பிளான்ட் சிமுலேஷன், பைதானில் சிம்பை என்று எந்த சிமுலேஷன் மென்பொருளில் கட்டியிருந்தாலும் நோய் ஒன்றுதான்.

பேச்சுக்கு ஒரு லைனை வைத்துக்கொள்வோம். கோவைப் பக்கம் நிறைய இருக்கிற நடுத்தர அளவு மோனோபிளாக் பம்ப் (மோட்டாரும் பம்பும் ஒரே தண்டில் இருப்பது) ஆலை. பவுண்டரியிலிருந்து வார்ப்படம் லாரியில் வரும், சிஎன்சி லேத்தில் கடைசல் நடக்கும். இன்னொரு பக்கம் ஸ்டேட்டருக்கு (மோட்டாரின் சுற்றாத பகுதி) வைண்டிங் போட்டு, வார்னிஷில் முக்கி, அடுப்பில் வைத்து எடுப்பார்கள். இரண்டும் அசெம்பிளியில் சேரும். அப்புறம் டெஸ்டிங் தொட்டி, பெயின்ட், பேக்கிங், லாரி. ஷிஃப்ட் 8 மணி நேரம். சாப்பாட்டுக்கு 30 நிமிடமும் இரண்டு டீக்கு பத்துப் பத்து நிமிடமும் கழித்தால் 430 நிமிடம். ஷிஃப்டுக்கு 215 பம்ப் வேண்டும், அதாவது 2 நிமிடத்துக்கு ஒன்று வெளியே வர வேண்டும். எண்கள் கணக்கு புரிவதற்காக நான் வைத்தவை. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இரண்டு சோதனை

முதல் சோதனை: பிரேக்டவுன், ரீவொர்க் (குறையுள்ள பம்பைத் திருப்பி அனுப்பிச் சரிசெய்வது), நேர ஏற்ற இறக்கம் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு பம்பை மட்டும் மாடலுக்குள் அனுப்புங்கள். அது வெளியே வர எடுத்த நேரமும் நீங்கள் காகிதத்தில் கூட்டிய நேரமும் ஒரு விநாடி பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். பிசகினால் அங்கேயே நில்லுங்கள். 90 விநாடி என்று எழுத வேண்டிய இடத்தில் 90 நிமிடம் என்று விழுந்திருப்பது, ஒரு கன்வேயருக்கு நீளமே கொடுக்காமல் விட்டது போன்றவை இந்த ஒரு பம்ப்பிலேயே மாட்டிக்கொள்ளும். லைனை நிரப்பி ஓட்டினால் அதே பிழைகள் கூட்டத்தில் ஒளிந்துகொள்ளும்.

இரண்டாவது சோதனை ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதி: உள்ளே இருக்கும் சராசரி எண்ணிக்கை என்பது வரத்து வேகத்தைச் சராசரி தங்கும் நேரத்தால் பெருக்கினால் வருவது. அசெம்பிளியிலிருந்து பேக்கிங் வரை சராசரியாக 43 பம்ப் இருக்கிறது, நிமிடத்துக்கு அரை பம்ப் போகிறது என்றால் ஒரு பம்ப் அங்கே தங்கும் நேரம் 86 நிமிடம். மாடல் அறிக்கை அதே பகுதிக்கு 60 நிமிடம் என்று காட்டினால் எண்ணும் முறையில் தப்பு இருக்கிறது. என் அனுபவத்தில் பெரும்பாலும் இது ரீவொர்க்கில்தான் வரும். திரும்பி வரும் பம்பைப் புதுப் பம்பாக மறுபடி உருவாக்கி, அதன் வயதைப் பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கியிருப்போம்.

மாடலில் உற்பத்தி அதிகம், லைனில் குறைவு

அதிகம் வரும் புகார் இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம்.

நாட்காட்டியை முதலில் பாருங்கள். 480 நிமிடத்தை 2 நிமிடத்தால் வகுத்தால் 240, 430ஐ வகுத்தால் 215. சாப்பாடும் டீயும் மட்டுமே 25 பம்ப். ஷிஃப்ட் மாறும்போது என்ன ஆகிறது என்பதையும் பாருங்கள். மணி அடித்ததும் கையில் இருக்கும் வேலையை முடித்துவிட்டுப் போவார்களா, பாதியில் விட்டுவிட்டு மறுநாள் தொடர்வார்களா? டெஸ்டிங் தொட்டியில் பாதியில் விட்ட பம்பை மறுநாள் முதலிலிருந்துதான் ஓட்ட வேண்டும். பல மென்பொருள்கள் மீதி நேரத்தை மட்டும் ஓட்டி முடித்துவிடும்.

அடுத்தது, நேரம் எப்படி எடுக்கப்பட்டது என்பது. ஸ்டாப்வாட்சோடு பக்கத்தில் நின்றால் யாரும் இயல்பாக வேலை செய்வதில்லை. சிலர் வேகமாகச் செய்வார்கள், சிலர் வேண்டுமென்றே நிதானமாகச் செய்வார்கள். இரண்டும் அவர்கள் குற்றமல்ல. எடுத்த எண்ணைக் கொண்டு யாரோ தங்கள் இலக்கை ஏற்றப்போகிறார்கள் என்ற பயம் நியாயமானது. எதற்காக நேரம் எடுக்கிறோம் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டு, முடிந்தால் மெஷினின் சொந்தப் பதிவிலிருந்தும் எடுத்து ஒப்பிடுங்கள்.

பிறகு, யாரும் பிரேக்டவுன் என்று எழுதாத சின்ன நிறுத்தங்கள். டிரில் பிட்டில் சுருள் சிக்கியதை எடுக்க 40 விநாடி, போல்ட் டப்பா காலியாகிப் பக்கத்து டேபிளில் எடுத்து வர 1 நிமிடம். மெயின்டனன்ஸ் பதிவேட்டில் 10 நிமிடத்துக்கு மேல் நின்றவை மட்டுமே ஏறும். மீதியெல்லாம் காற்றோடு போகும். ஒரு முழு ஷிஃப்ட் டெஸ்டிங் தொட்டி பக்கத்தில் உட்கார்ந்து எழுதினால்தான் கிடைக்கும். நான் அப்படி ஓர் ஆலையில் உட்கார்ந்தபோது, டெஸ்டிங் பார்ப்பவரே பம்பின் ரகம் மாறும் ஒவ்வொரு முறையும் பெயர்ப்பலகை அடிக்கப் போய்வருவதைப் பார்த்தேன். எந்தப் பட்டியலிலும் அந்த வேலை இல்லை. லைனை இறுக்கிக்கொண்டிருந்ததே, அதாவது மொத்த வேகத்தையும் கட்டிப்போட்டிருந்ததே அதுதான்.

இதையெல்லாம் தேடுவதற்குப் பதிலாக எல்லா ஸ்டேஷனுக்கும் 'திறன் 80 சதவீதம்' என்று போட்டுவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. தயவுசெய்து போடாதீர்கள். எல்லாவற்றையும் ஒரே அளவில் மெதுவாக்கினால் மொத்தம் பொருந்தும், ஆனால் இறுக்கும் இடம் எது என்பது மாறாது. உங்கள் மாடலில் அசெம்பிளி இறுக்குகிறது, நிஜத்தில் டெஸ்டிங் இறுக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது டெஸ்டிங் தொட்டி வாங்கினால் என்ன ஆகும் என்று முதலாளி கேட்பார். மாடல் 'ஒரு பம்ப்கூட அதிகமாகாது' என்று சொல்லும். உண்மையில் அந்த ஆலைக்கு வேண்டியிருந்த மருந்தே அந்தத் தொட்டிதான். தப்பான எண்ணால் நஷ்டமாவது காகிதம், தப்பான காரணத்தால் நஷ்டமாவது முதலீடு.

மாடலில் உற்பத்தி லைனைவிடக் குறைவு

அரிதாக வரும், ஆனால் வந்தால் காரணம் அநேகமாக ஒன்றுதான்: ஒரே காத்திருப்பை இரண்டு முறை எண்ணியிருக்கிறீர்கள்.

மெயின்டனன்ஸ் பதிவேட்டில் ஒரு பிரேக்டவுன் 50 நிமிடம் என்று இருக்கும். அதில் ஃபிட்டர் வந்து சேர ஆன 30 நிமிடமும் அடக்கம். நீங்களோ மாடலில் ஃபிட்டரையும் ஓர் ஆளாக வைத்து, அவருக்காகக் காத்திருக்கும் வரிசையும் வைத்திருப்பீர்கள். அப்படியென்றால் ரிப்பேர் நேரம் 20 நிமிடம்தான், 30 நிமிடத்தை மாடலே உண்டாக்க வேண்டும். சைக்கிள் டைமிலும் (ஒரு பம்புக்கு ஒரு ஸ்டேஷனில் ஆகும் வேலை நேரம்) இதே கதை. இரண்டு பம்ப் வெளியே வரும் இடைவெளியை அளந்து அதையே சைக்கிள் டைம் என்று போட்டால், முந்தைய ஸ்டேஷனுக்காகச் சும்மா இருந்த நேரமும் உள்ளே வந்துவிடும்.

இன்னொரு இடம் பிரேக்டவுன் கடிகாரம். லேத் 8 மணி நேரத்துக்கு ஒரு முறை நிற்கிறது என்றால், அது ஓடிய 8 மணி நேரமா, சுவர்க் கடிகாரத்தின் 8 மணி நேரமா? டூல் தேய்வது ஓடும்போது மட்டும். மின்தடை எப்போது வேண்டுமானாலும் வரும். பாதி நேரம் சும்மா இருக்கும் மெஷினுக்குச் சுவர்க் கடிகாரத்தைக் கட்டிவிட்டால் பிரேக்டவுன் இரண்டு மடங்காகிவிடும்.

வரிசையே நிற்கவில்லை, எல்லாம் வழுவழுவென்று ஓடுகிறது

சராசரிகளை மட்டும் போட்டிருக்கிறீர்கள். 2 நிமிடத்துக்கு ஒரு பம்ப் வருகிறது, டெஸ்டிங்குக்கு 1.9 நிமிடம் ஆகிறது. இரண்டும் மாறாத எண்கள் என்றால் ஒரு பம்ப் கூடக் காத்திருக்காது. நிஜத்தில் இரண்டுமே ஆடும். பிரிட்டனின் கணிதவியலாளர் ஜான் கிங்மன் 1961இல் தந்த தோராயக் கணக்கு இந்த இடத்தில் கைகொடுக்கும். வரத்தின் ஆட்டம், வேலை நேரத்தின் ஆட்டம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று சொல்லும் தரவிலக்கத்தை, அதாவது ஸ்டாண்டர்டு டீவியேஷனை, சராசரியால் வகுத்து வருவது) இரண்டையும் வர்க்கமாக்கிச் சராசரி எடுங்கள். அதை, மெஷின் வேலையில் இருக்கும் பங்கைச் சும்மா இருக்கும் பங்கால் வகுத்து வருவதால் பெருக்குங்கள். கடைசியில் வேலை நேரத்தால் பெருக்கினால் சராசரிக் காத்திருப்பு.

நம் தொட்டிக்குப் போட்டுப் பார்ப்போம். ஆட்டம் இரண்டுக்கும் 0.5 என்றால் வர்க்கச் சராசரி 0.25. மெஷின் 95 சதவீதம் வேலையில் இருக்கிறது, 0.95ஐ 0.05ஆல் வகுத்தால் 19. காத்திருப்பு 0.25 × 19 × 1.9, சுமார் 9 நிமிடம். இப்போது யாரோ ஒரு கிளாம்பை மாற்றி 6 விநாடி குறைத்துவிட்டார்கள், டெஸ்டிங் 1.8 நிமிடம் ஆகிவிட்டது. அதே கணக்கில் 0.25 × 9 × 1.8, சுமார் 4 நிமிடம். ஆறே விநாடியில் காத்திருப்பு பாதிக்கும் கீழே போய்விட்டது! நெரிசலான ஸ்டேஷனில் சின்ன மாற்றம் எவ்வளவு பெரிது என்பதை எக்செல்லில் சராசரிகளை வகுத்துக்கொண்டிருந்தால் கண்டுபிடிக்கவே முடியாது. சிமுலேஷன் செய்வதே இதற்காகத்தான்.

பிரேக்டவுனையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். 57 நிமிடம் ஓடி 3 நிமிடம் நிற்கும் மெஷினும், ஒன்பதரை மணி நேரம் ஓடி அரை மணி நேரம் நிற்கும் மெஷினும் 95 சதவீதம்தான். முதலாவதற்குப் பின்னால் இரண்டு பம்ப் பஃபர் (நடுவில் சேர்த்து வைக்கும் இருப்பு) இருந்தால் அடுத்த ஸ்டேஷனுக்குப் பெரும்பாலும் தெரியாது. இரண்டாவதற்கு 15 பம்ப் வேண்டும். '95 சதவீதம்' என்ற ஒற்றை எண்ணை மாடலில் போட்டால் இந்த வித்தியாசம் மறைந்துவிடும்.

நேரங்கள் அபத்தமாக வருகின்றன

ரிப்பேர் நேரத்துக்குச் சராசரி 20, தரவிலக்கம் 15 என்று, சராசரிக்கு இருபுறமும் சமமாக விரியும் நார்மல் பரவலைப் போட்டால், நூற்றில் ஒன்பது முறை பூஜ்யத்துக்குக் கீழே எண் வரும். சில மென்பொருள் பிழை காட்டும், சில சத்தமில்லாமல் பூஜ்யமாக்கிவிடும். பின்னதுதான் ஆபத்து. ரிப்பேருக்கு லாக்நார்மல் அல்லது காமா போடுங்கள். அவற்றில் பூஜ்யத்துக்குக் கீழே நேரம் வராது, எப்போதாவது வரும் மிக நீண்ட நேரங்களுக்கு நீண்ட வால் உண்டு. ரிப்பேர்களும் அப்படித்தான் இருக்கின்றன.

தரவே இல்லாதபோது சூப்பர்வைசரைக் கேட்டு முக்கோணப் பரவல் போடுவது வழக்கம். 'குறைஞ்சது 5 நிமிஷம், வழக்கமா 10, ரொம்ப மோசமான நாள்ல 60' என்பார். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் முக்கோணத்தின் சராசரி 25 நிமிடம். அவர் மனதில் இருந்தது பத்துச் சொச்சம்தான். எனவே அந்த 60 மாதத்துக்கு ஒரு முறையா, வருஷத்துக்கு ஒரு முறையா என்று திருப்பிக் கேளுங்கள். அபூர்வம் என்றால் அதைத் தனி நிகழ்வாக எடுத்து வைத்துவிட்டு, முக்கோணத்தை 5, 10, 15க்குள் போடுங்கள்.

ஓடிக்கொண்டிருந்த மாடல் திடீரென்று உறைந்துவிட்டது

கடிகாரம் ஓடுகிறது, எதுவும் நகரவில்லை. இது சுழல் முட்டு (டெட்லாக்). ரீவொர்க் இருக்கும் எந்த லைனிலும் வரும்.

டெஸ்டிங்கில் கசிந்த ஒரு பம்ப் அசெம்பிளிக்குத் திரும்ப வேண்டும். அசெம்பிளி டேபிளில் முடிந்த பம்ப் ஒன்று டெஸ்டிங் காலியாவதற்காகக் காத்திருக்கிறது. டெஸ்டிங்கில் கசிந்த பம்ப் நிற்பதால் அது காலியாகாது, அசெம்பிளி நிரம்பியிருப்பதால் கசிந்த பம்ப் திரும்ப முடியாது. இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நிற்கும். டிராலிகளிலும் இதே முட்டு வரும். பத்து டிராலியும் நிறைந்து போய் நிற்கும், காலி டிராலி ஒன்று கிடைத்தால்தான் ஏதாவது நகரும்.

கண்டுபிடிக்க, உறைந்த நேரத்தில் ஒவ்வொரு பொருளும் எதற்காகக் காத்திருக்கிறது என்று காகிதத்தில் அம்புக்குறி போடுங்கள். அம்புகள் வட்டமாகத் திரும்பி வரும் இடம்தான் முட்டு. பஃபரின் அளவை 5லிருந்து 50 ஆக்கினால் மாடல் ஓடிவிடும். ஆனால் அது தீர்வல்ல, முட்டு இன்னும் கொஞ்ச நாள் தள்ளி வரும் அல்லது உங்களுக்குத் தெரியாமலே போகும்.

லைனில் போய்க் கேளுங்கள். 'ஏனுங்கண்ணா, இது நெறஞ்சுட்டா கசியற பம்பை எங்க வைப்பீங்க?' என்றால், 'தொட்டிக்குப் பின்னாடி கீழ எறக்கி வச்சுருவோமுங்க, சாயங்காலமா பாப்போம்' என்பார். அங்கே ஓர் இடம் இருக்கிறது! படத்தில் இல்லை, ஒழுங்குக்காகத் தரையில் போடும் 5எஸ் கோட்டுக்குள் இல்லை, ஆனால் லைன் உறையாமல் ஓடுவது அந்த இடத்தால்தான். அதை மாடலில் வையுங்கள்: எத்தனை பம்ப் கொள்ளும், சாயங்காலம் யார் பார்ப்பார், எவ்வளவு நேரம். ஒருவேளை கன்வேயரால் கட்டப்பட்ட, கீழே இறக்கவே முடியாத லைன் என்றால், மாடல் காட்டிய முட்டு நிஜமாகவே வரும். அப்போது மாடலைத் திருத்தாதீர்கள், லேஅவுட்டைத் திருத்துங்கள்.

ஒவ்வொரு முறையும் வேறு விடை

இது பிழை அல்ல, ஆனால் பலரைப் பயமுறுத்தும். ஏற்ற இறக்கத்துக்காக மாடல் எடுக்கும் தற்செயல் எண்கள் மாறும்போது விடை மாறத்தான் செய்யும். ஒரே ஓட்டத்தை வைத்து முடிவெடுப்பதுதான் பிழை. பத்து முறை ஓட்டி ஒரு ஷிஃப்ட் சராசரி 206, தரவிலக்கம் 6 வந்தால், 95 சதவீத நம்பிக்கைக்கு 2.262ஐ 6ஆல் பெருக்கிப் பத்தின் வர்க்கமூலத்தால் வகுங்கள், 4.3 வரும். ஆக உண்மைச் சராசரி 202க்கும் 210க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. புது லேஅவுட் 208 தருகிறது என்று சொல்லிச் சந்தோஷப்பட இதில் எதுவும் இல்லை.

இரண்டு லேஅவுட்டை ஒப்பிடும்போது இரண்டுக்கும் ஒரே தற்செயல் எண் வரிசையைக் கொடுங்கள். பழைய லேஅவுட்டில் செவ்வாய் காலை 10:20க்கு மின்சாரம் போனால் புதியதிலும் அதே 10:20க்குப் போகட்டும். ஒரே மழையில் நனைந்த இரண்டு குடையை ஒப்பிடுவது போல. பிறகு ஒவ்வொரு ஓட்டத்திலும் வந்த வித்தியாசத்துக்குச் சராசரி எடுங்கள். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: பிரேக்டவுனுக்கு ஒன்று, ரீவொர்க்குக்கு ஒன்று, லாரி வரத்துக்கு ஒன்று என்று எண் வரிசைகள் தனித்தனியாக இருக்க வேண்டும். எல்லாம் ஒரே வரிசையிலிருந்து எடுத்தால், ஒரு மெஷினைக் கூட்டியதும் எல்லாருடைய எண்ணும் இடம் மாறிவிடும்.

எண்ணை மாற்றாமல் பிளாக்குகளின் வரிசையை மாற்றியதும் விடை மாறுகிறதா? அது வேறு நோய். ஒரே கணத்தில் இரண்டு நிகழ்வுகள் நடக்கின்றன, எது முதலில் என்பதை நீங்கள் சொல்லவில்லை, மென்பொருள் தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்கிறது. எல்லாம் 2 நிமிடம், 4 நிமிடம் என்று முழு எண்ணாக இருக்கும் மாடல்களில் இது சகஜம். இதைத் தொழிற்சாலை சிமுலேஷனின் ஆரம்ப நாட்களிலேயே யோசித்துவிட்டார்கள். 1960ஐ ஒட்டி, இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இரும்பாலைகளுக்காக வேலை செய்த கீத் டோச்சர் ஒவ்வொரு கணத்தையும் மூன்று கட்டமாகப் பிரித்தார். முதலில் கடிகாரத்தை நகர்த்து, அந்தக் கணத்தில் முடிய வேண்டியவை எல்லாவற்றையும் முடி, அதற்குப் பிறகுதான் புதிதாக எது தொடங்கலாம் என்று பார். முடிவது முன், தொடங்குவது பின் என்ற அந்த ஒழுங்கை உங்கள் மாடலில் முன்னுரிமை எண்ணாகக் கொடுத்துவிட்டால் பாதி ஆட்டம் அடங்கும்.

முதல் சில நாட்கள் உற்பத்தி குறைவு, பிறகு சரியாகிறது

மாடல் காலி ஆலையில் தொடங்குகிறது. உங்கள் ஆலை திங்கள் காலை காலியாக இருப்பதில்லை. டேபிளில் சனிக்கிழமை விட்டுப்போன பம்ப் இருக்கும். தொடக்கத்தைக் கழித்துவிட்டு எண்ண ஆரம்பியுங்கள். எவ்வளவு கழிப்பது என்பதற்கு, பல ஓட்டங்களின் சராசரியை நகரும் சராசரியாக வரைந்து கோடு சமனாகும் இடத்தைக் கண்ணால் எடுக்கும் முறை போதும். பீட்டர் வெல்ச் என்ற ஆய்வாளர் 1983இல் சொன்னது, இன்றைக்கும் அதைவிட எளிதானது இல்லை. கோடு சமனாகவே இல்லை, வரிசை ஏறிக்கொண்டே போகிறது என்றால், உள்ளே வருவது வெளியே போகக்கூடியதைவிட அதிகம். அதற்கு எந்தக் கழிப்பும் உதவாது.

ஃபோர்க்லிஃப்ட் 40 சதவீதம்தான் வேலையில் என்கிறது மாடல், ஸ்டோர்ஸில் 'வண்டியே கிடைக்கறதில்லை' என்கிறார்கள்

இருவரில் யார் சரி என்றால், பத்தில் ஒன்பது முறை ஸ்டோர்ஸ்காரர்தான்.

காலியாகப் போகும் தூரத்தைச் சேர்த்தீர்களா? உள்ளே மணிக்கு 6 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 100 மீட்டர். சரக்கோடு 80 மீட்டர் போனால், அடுத்த சரக்கை எடுக்க அநேகமாக இன்னொரு 80 மீட்டர் காலியாகப் போக வேண்டும். முனையில் எதிரே டிராலி வந்தால் நிற்க வேண்டும். சுருள் குப்பைத் தொட்டியைக் கொட்டுவது, ஜெனரேட்டருக்கு டீசல் பீப்பாய் கொண்டுபோவது எல்லாம் அதே வண்டிதான். திட்டத்தில் ஒன்றும் இருக்காது.

இதையெல்லாம் சேர்த்த பிறகும் வித்தியாசம் இருந்தால், சராசரியை விட்டுவிட்டு மணி வாரியாகப் பாருங்கள். லாரிகள் நாள் முழுக்கச் சீராக வருவதில்லை. நகருக்குள் கனரக வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு இருக்கும் ஊர்களில், அனுமதி நேரத்தை ஒட்டித்தான் எல்லா லாரியும் வாசலுக்கு வரும். காலை 8க்கும் 10க்கும் இடையில் வார்ப்படம் இறக்க நான்கு லாரி நிற்கும்போது வண்டி ஒரு நிமிடம் ஓயாது. மதியம் 2 மணிக்கு அதே வண்டி நிழலில் நிற்கும். சராசரி 40 சதவீதம் உண்மை, 'கிடைக்கறதில்லை' என்பதும் உண்மை. மாடலில் லாரி வரத்துக்கு ஒரே சராசரியைப் போடாமல், வாசல் செக்யூரிட்டியின் பதிவேட்டிலிருந்து வந்த நேரங்களை அப்படியே எடுத்துப் போடுங்கள். ஆலையிலேயே மிக ஒழுங்காக எழுதப்படும் பதிவேடு அதுதான், யாரும் கேட்டு வாங்குவதில்லை. இரண்டாவது ஃபோர்க்லிஃப்ட் வாங்கும் முன், இரண்டு பவுண்டரிகளிடம் பேசி லாரியை மதியத்துக்குத் தள்ள முடியுமா என்று அதே மாடலில் ஓட்டிப் பாருங்கள்.

மொத்தம் பொருந்துகிறது, சரக்கு தேங்கும் இடம் பொருந்தவில்லை

எந்த எச்சரிக்கையும் வராத அறிகுறி இது. நீங்களாகத் தேடினால்தான் தெரியும்.

நம் லைனின் வார்னிஷ் அடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு 120 ஸ்டேட்டர், 4 மணி நேரம். 240 நிமிடத்தை 120ஆல் வகுத்தால் ஒன்றுக்கு 2 நிமிடம். 'சைக்கிள் டைம் 2 நிமிடம்' என்று மாடலில் போட்டுவிட்டால், ஷிஃப்ட் உற்பத்தி அச்சு அசலாகப் பொருந்தும். ஆனால் மாடலில் அடுப்புக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு ஸ்டேட்டர் கூட நிற்காது. லைனில் போய்ப் பாருங்கள். முன்னால் 120 சேரும்வரை அடுக்கிக்கொண்டே இருப்பார்கள், சராசரியாக 60 நிற்கும். அடுப்பு திறந்ததும் 120 ஒரேயடியாக வெளியே வரும், அசெம்பிளி அதை 2 நிமிடத்துக்கு ஒன்றாகத் தின்னும், அங்கேயும் சராசரியாக 60. லிட்டில் விதிப்படி 60ஐ நிமிடத்துக்கு அரை என்று வகுத்தால் முன்னால் 2 மணி நேரம், பின்னால் 2 மணி நேரம். ஒரு ஸ்டேட்டர் இந்த இடத்தைக் கடக்க 2, 4, 2 என்று மொத்தம் 8 மணி நேரம் ஆகிறது.

இப்போது, பெரிய அடுப்புக்குப் பதிலாக 60 கொள்ளும் இரண்டு அடுப்புகளை 2 மணி நேரம் தள்ளித் தள்ளி ஓட்டினால்? உற்பத்தித் திறன் அதேதான். ஆனால் முன்னால் 30, பின்னால் 30 தான் நிற்கும். கடக்கும் நேரம் 1, 4, 1 என்று 6 மணி நேரமாகிவிடும். கோடையில் பம்ப் ஆர்டர் அவசரமாக வரும்போது இந்த 2 மணி நேரம் பெரிது. வைண்டிங்கில் ஒரு தப்பு நடந்தால் அது தெரியவருவதற்குள் வீணாகும் ஸ்டேட்டர்களும் குறையும். '2 நிமிடம்' என்று போட்ட மாடலால் இந்தக் கேள்வியைக் கேட்கக்கூட முடியாது, மொத்தம் எவ்வளவு துல்லியமாகப் பொருந்தினாலும்.

ஆகவே, மாடலை ஒத்துப்பார்க்கும்போது உற்பத்தி எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். மாடலிலிருந்து ஒரு சின்ன அட்டவணை எடுங்கள்: ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் முன்னால் காலை 11 மணிக்கு எத்தனை, மதியம் 3 மணிக்கு எத்தனை. முப்பரிமாணப் படமெல்லாம் வேண்டாம், ஒரு ஏ4 தாள் போதும். அதை எடுத்துக்கொண்டு அசெம்பிளி சூப்பர்வைசரோடு அதே 11 மணிக்கும் 3 மணிக்கும் லைனில் நடந்து, நின்று, எண்ணி, பக்கத்தில் எழுதுங்கள். மூன்று நாள் இப்படிச் செய்யுங்கள். எண்கள் முரண்படும் இடத்தில் அவர் 'அது வந்துங்க...' என்று ஆரம்பிப்பார். அப்போது பேனாவை எடுத்து, அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.